குளோரினின் அந்த அரை எங்கிருந்து வந்தது?

கேள்வி கேட்டவர் மூன்று வரிகளில் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். தனிம வரிசை அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று போட்டிருக்கிறது. புரோட்டானும் நியூட்ரானும் முழுசு முழுசாகத்தான் இருக்க முடியும் என்றால் அந்த அரை எங்கிருந்து வந்தது? ஒரு நியூட்ரானைக் கூட்டினால் தனிமம் மாறுவதில்லை, ஒரு புரோட்டானைக் கூட்டினால் மட்டும் மாறிவிடுகிறதே, இது யார் வைத்த சட்டம்? அட்டவணை எடை வரிசைப்படி போகிறது என்றார்கள்; ஆர்கானுக்கு 39.95, அடுத்து நிற்கும் பொட்டாசியத்துக்கு 39.10 என்று இறங்குகிறதே, அச்சுப் பிழையா? மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் ஓடுவது ஒரே சந்தேகம்தான். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் இருக்கின்றன. அவற்றில் எது தனிமத்தைப் பற்றிப் பேசுகிறது, மற்றது எதைப் பற்றிப் பேசுகிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 17 என்ற முழு எண் குளோரினின் அடையாளம். பிரபஞ்சத்தில் எங்கே போனாலும் குளோரின் 17தான். 35.45 (பள்ளிப் புத்தகங்களில் 35.5) என்ற பின்ன எண்ணோ, பூமியில் நாம் அள்ளியெடுக்கும் குளோரின் எப்படிப்பட்ட கலவை என்று எழுதிவைத்த குறிப்பு. வேறொரு கிரகத்தில் அட்டவணை அச்சடித்தால் முதல் எண்கள் அப்படியே இருக்கும். இரண்டாவது எண்களில் சில மாறிவிடும். ஆர்கானின் எண் மிகவும் மாறும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நான் வேதியியல் படித்தவன். பல ஆண்டுகளாக நிறை நிறமாலைமானியோடு வேலை செய்பவன். அந்தக் கருவி செய்வது ஒரே வேலை: மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, புலங்களின் வழியே ஓடவிட்டு, கனத்தது எது, லேசானது எது என்று பிரித்துக் காட்டும். மாணவனாக இருந்தபோது முதன்முதலில் எனக்குக் கொடுத்த மாதிரி குளோரோபென்சீன். அதன் மூலக்கூறு நிறையைக் கணக்குப் போட்டு 112.56 என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு, திரையில் அந்த இடத்தில் கோடு வருகிறதா என்று காத்திருந்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. 112இல் ஓர் உயரமான கோடு, 114இல் அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொன்று. கருவி கெட்டுவிட்டது என்று போய்ச் சொன்னேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, "கருவி சரியாகத்தான் இருக்கிறது. நீ தேடுகிற மூலக்கூறு உலகத்தில் இல்லை" என்றார். நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று எனக்குக் கிடைத்த பதில் அது.

இயற்கையில் கிடைக்கும் குளோரின் அணுக்கள் இரண்டு வகை. இரண்டிலும் 17 புரோட்டான்கள். ஒன்றில் 18 நியூட்ரான்கள், மற்றதில் 20. கூட்டினால் நிறை எண் 35, 37. நூறு அணுக்களை அள்ளினால் ஏறக்குறைய 76 அணுக்கள் முதல் வகை, 24 இரண்டாம் வகை. துல்லியமாகச் சொன்னால் 75.76 சதவீதமும் 24.24 சதவீதமும். இந்தக் கலவையின் சராசரிதான் 35.45. பகடையைப் பல முறை உருட்டிச் சராசரி பார்த்தால் மூன்றரை வரும்; ஆனால் மூன்றரை என்று ஒரு முகம் எந்தப் பகடையிலும் கிடையாது. அதைப் போலவே 35.45 நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிப் புத்தகங்கள் 75க்கு 25 என்று எளிமைப்படுத்திக் கணக்குப் போடுவதால் 35.5 வருகிறது. எண் பெரிதாகத் தப்பவில்லை. ஆனால் அதை "ஒரு குளோரின் அணுவின் நிறை" என்று சொல்லிக்கொடுக்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

இந்த அரை உங்களை உறுத்தியது போலவே நூறு ஆண்டுகளுக்கு வேதியியலாளர்களையும் உறுத்தியது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1815இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ப்ரௌட் ஒரு கருத்தை வெளியிட்டார். எல்லாத் தனிமங்களின் எடையும் ஹைட்ரஜனின் எடையைப் போல இத்தனை மடங்கு என்று முழு எண்ணாக வருகிறதே, அப்படியானால் எல்லாமே ஹைட்ரஜனால் கட்டப்பட்டவையோ என்றார். கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, சோடியம் 23 என்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த அழகான கருத்தின் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது குளோரின். எத்தனை கவனமாக அளந்தாலும் அது 35.5 பக்கமே நின்றது. பெல்ஜியத்தின் ஜான் ஸ்டாஸ் பல ஆண்டுகள் செலவழித்துத் துல்லியமாக அளந்து, ப்ரௌட்டின் கருத்து நிற்காது என்று முடிவு கட்டினார். ஸ்டாஸின் அளவுகள் சரிதான். ஆனால் ப்ரௌட்டும் முழுவதும் தவறவில்லை. ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை என்று இருவரும் நம்பியதுதான் தவறு. அணுக் கொள்கையைத் தந்த டால்டனின் காலத்திலிருந்து பெரும்பாலோர் தொட்டுப் பார்க்காத நம்பிக்கை அது.

முடிச்சு அவிழ்ந்தது கதிரியக்கத்தின் பக்கமிருந்து. யுரேனியமும் தோரியமும் சிதைந்து வரும் வழியில் புதிது புதிதாகப் பொருள்கள் கிடைத்தன. சில ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேல். அட்டவணையில் அவற்றை உட்கார வைக்க ஒரு டஜன் இடம்கூட இல்லை. அதைவிட வியப்பு, அவற்றில் சில ஜோடிகளை எந்த வேதியியல் முறையாலும் பிரிக்க முடியவில்லை. கதிர்வீச்சும் ஆயுளும் வேறு வேறு. வேதிக் குணம் மட்டும் அச்சாக ஒன்று. 1913இல் ஃபிரெடரிக் சோடி துணிந்து சொன்னார்: இவை அட்டவணையின் ஒரே கட்டத்தில் உட்காரும் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள். அதற்குக் கிரேக்க மொழியில் "ஒரே இடம்" என்று பொருள்படும் ஐசோடோப்பு என்ற சொல்லைக் கொடுத்தவர் அவருடைய நண்பரான மருத்துவர் மார்கரெட் டாட். தமிழில் இதற்கு ஓரிடத்தான் என்றும் சமதானி என்றும் சொல் ஆக்கியிருக்கிறார்கள். பாடப்புத்தகங்கள் ஐசோடோப்பு என்றே எழுதுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் ஓரிடத்தான் என்ற சொல்லைக் கேட்டவுடன் விஷயம் விளங்கிவிடுகிறது என்பதையும் மறுக்க முடியாது.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தியோடர் ரிச்சர்ட்ஸ் காரீயத்தை எடை பார்த்தார். சாதாரணக் காரீயம் 207.2. யுரேனியக் கனிமத்திலிருந்து எடுத்த காரீயம் அதைவிடக் குறைவாக, 206ஐ ஒட்டி வந்தது. வேதிக் குணத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே உலோகம், எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து வேறு எடை. நான் மேலே "குறிப்பு" என்று சொன்னதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை. பிறகு 1919இல் ஃபிரான்சிஸ் ஆஸ்டன் கேம்பிரிட்ஜில் தன் நிறை நிறமாலை வரைவியைக் கட்டி, முதலில் நியானையும் பின்னர் குளோரினையும் பிரித்துக் காட்டினார். 35, 37 என்று இரண்டு தடங்கள். 35.5இல் ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. எனக்கு அது கருவிக் கோளாறாகத் தெரிந்தது; அவருக்கு நூறாண்டுப் புதிரின் விடையாகத் தெரிந்தது. 1921, 1922 ஆண்டுகளுக்கான வேதியியல் நோபல் பரிசுகள் முறையே சோடிக்கும் ஆஸ்டனுக்கும் போயின.

கூர்மையான வாசகர் இங்கே ஒன்று கேட்கலாம்: 35, 37 இருக்கின்றன, நடுவில் 36 எங்கே? குளோரின்-36 உண்டு. அணு உலையில் குளோரின்-35 ஒரு நியூட்ரானை விழுங்கினால் அதுதான் கிடைக்கும். வளிமண்டலத்திலும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஆர்கானை மோதுவதால் மிகச் சிறு அளவில் உண்டாகிறது. ஆனால் அது நிலைக்காது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், ஏறக்குறைய 3,01,000 ஆண்டுகள். பூமியின் வயதோடு ஒப்பிட்டால் கண்ணிமைப்பு. 17 புரோட்டான், 19 நியூட்ரான் என்று இரண்டும் ஒற்றைப்படையாக அமைவது அதன் துரதிர்ஷ்டம். புரோட்டான்கள் தங்களுக்குள்ளும் நியூட்ரான்கள் தங்களுக்குள்ளும் ஜோடி சேர்ந்தால் அணுக்கரு இறுகுகிறது. இரண்டிலும் ஒவ்வொன்று தனியாக நின்றால் தளர்கிறது. இரண்டும் ஒற்றைப்படையாக இருந்தும் நிலைத்து நிற்கும் எளிய கருக்கள் கனஹைட்ரஜன், லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14 என்ற நான்குதான். வேடிக்கை என்னவென்றால், பள்ளிப் புத்தகத்தின் 35.5ஐ முழுதாக்கி 36 என்று எழுதினால் இயற்கையில் ஏறக்குறைய இல்லவே இல்லாத ஒரு குளோரினைத்தான் எழுதுகிறோம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நியூட்ரானுக்கு ஒரு சட்டம், புரோட்டானுக்கு ஒரு சட்டம் ஏன்? சட்டம் வைத்தது மின்னூட்டம். 1911இல் ரூதர்ஃபோர்டு காட்டியபடி அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் நடுவில் ஒரு துளியில் குவிந்திருக்கிறது. அணுவின் குறுக்களவோடு ஒப்பிட்டால் அந்தத் துளி சுமார் லட்சத்தில் ஒரு பங்கு. மற்ற இடமெல்லாம் எலக்ட்ரான்களின் ஆட்சி. ஓர் அணு இன்னோர் அணுவைச் சந்திக்கும்போது கருக்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கைகுலுக்குவது, கொடுப்பது, வாங்குவது, பங்கு போடுவது எல்லாம் எலக்ட்ரான்கள். எலக்ட்ரான்களுக்குக் கருவைப் பற்றித் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அதன் நேர் மின்னூட்டம் எவ்வளவு? 17 என்றால் 17 எலக்ட்ரான்களைப் பிடித்து நிறுத்தும்; அவை 2, 8, 7 என்று கூடுகளில் அமரும்; கடைசிக் கூட்டில் ஓர் இடம் காலியாக இருப்பதால் குளோரின் எதிலிருந்தாவது ஓர் எலக்ட்ரானைப் பறிக்கத் துடிக்கும். இதுதான் குளோரின் என்று நாம் அழைக்கும் குணம். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது வந்தாலும் போனாலும் எலக்ட்ரான்களுக்கு ஏறக்குறைய தெரியாது. புரோட்டான் ஒன்று கூடினால் 18ஆவது எலக்ட்ரானுக்கு இடம் உண்டாகிறது, கடைசிக் கூடு 8 என்று நிரம்புகிறது, பறிக்கத் துடித்த அணு எதையும் சட்டை செய்யாத மந்த வாயுவாகிவிடுகிறது. அது ஆர்கான்.

சரி, எலக்ட்ரான்கள்தான் குணத்தைத் தீர்மானிக்கின்றன என்றால் எலக்ட்ரான்களை எண்ணியே பெயர் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். வைக்க முடியாது, அவை நிலையாக இருப்பதில்லை. சாதாரண உப்பில் குளோரினுக்கு 18 எலக்ட்ரான்கள் இருக்கின்றன, ஆர்கானுக்கு இருப்பதைப் போலவே. ஆனால் அந்தக் கூடுதல் எலக்ட்ரானைப் பிடுங்கினால் மறுபடி பழைய குளோரின் வந்து நிற்கிறது. கருவில் உள்ள புரோட்டான் எண்ணிக்கையை எந்த வேதி வினையாலும் மாற்ற முடியாது. கருவே சிதைந்தால்தான் மாறும். சற்று முன் சொன்ன குளோரின்-36 சிதையும்போது பெரும்பாலும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. மொத்தம் 36 அப்படியே இருக்கிறது, பெயர் மட்டும் ஆர்கான்-36 ஆகிவிடுகிறது. எடை மாறாமல் தனிமம் மாறுகிறது. ஐசோடோப்பில் தனிமம் மாறாமல் எடை மாறுகிறது. எடைக்கும் அடையாளத்துக்கும் நேரடி உறவில்லை என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

"ஏறக்குறைய தெரியாது" என்று எழுதினேன். அந்த ஏறக்குறையவை விழுங்கிவிடுவது நேர்மையாகாது. ஐசோடோப்புகளின் வேதிக் குணம் ஒன்றே என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்; ஆய்வகத்தில் அது தோராயம். எடை கூடினால் அணு மெதுவாக அதிர்கிறது, பிணைப்பு சற்று இறுகுகிறது, வினையின் வேகம் சற்றுக் குறைகிறது. குளோரினில் இந்த வித்தியாசம் மிகச் சிறிது. ஹைட்ரஜனில் அப்படி இல்லை, ஏனென்றால் அங்கே ஒரு நியூட்ரான் சேர்ந்தால் எடை இரட்டிப்பாகிறது. அந்தக் கனஹைட்ரஜனால் ஆன கனநீர் 3.8 டிகிரி செல்சியஸில் உறைகிறது, 101.4 டிகிரியில் கொதிக்கிறது. அடர்த்தி பத்து சதவீதத்துக்கும் சற்று மேல் அதிகம் என்பதால் கனநீர்க் கட்டி சாதாரணத் தண்ணீரில் மிதக்காமல் மூழ்கும். உடலில் உள்ள நீரில் பெரும்பகுதியைக் கனநீராக மாற்றினால் பாலூட்டிகள் தாங்குவதில்லை. ஒரே தனிமம், ஒரே வினைகள், வேகம் மட்டும் வேறு. அந்த வேகமே உயிருக்குப் போதுமான வித்தியாசமாகிவிடுகிறது.

இன்னொரு நுணுக்கம். 35, 37 என்று எழுதியவை நிறை எண்கள், அதாவது எண்ணிக்கை. கருவியில் அளந்தால் குளோரின்-35இன் நிறை 34.969, குளோரின்-37இன் நிறை 36.966. இவையும் முழு எண்கள் அல்ல! இங்கே கலவை என்று சாக்குச் சொல்ல முடியாது; ஒரே வகை அணுதான். 17 ஹைட்ரஜன் அணுக்களையும் 18 நியூட்ரான்களையும் தனித்தனியாக எடை போட்டுக் கூட்டிப் பாருங்கள்: 35.289 வரும். சேர்த்துக் கட்டிய பிறகு 34.969தான் இருக்கிறது. 0.32 காணவில்லை; ஒரு புரோட்டானில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அது களவு போகவில்லை. கரு இறுகும்போது ஆற்றலாக வெளியேறிவிட்டது. நிறையும் ஆற்றலும் ஒன்றே என்னும் ஐன்ஸ்டைனின் சமன்பாடு சொல்வது இதைத்தான். கார்பன்-12இன் நிறையைச் சரியாக 12 என்று 1961இல் அளவுகோலாக வைத்துக்கொண்டோம். மற்ற ஒவ்வொரு கருவும் கார்பனைவிடச் சற்று இறுக்கமாகவோ தளர்வாகவோ கட்டப்பட்டிருப்பதால் முழு எண்ணிலிருந்து கொஞ்சம் விலகுகிறது. ஆக 35.45இல் உள்ள பின்னத்துக்குக் காரணம் இரண்டு. பெரும்பங்கு கலவையுடையது, சிறுபங்கு இந்த இறுக்கத்துடையது. தங்கத்துக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்புதான். அப்படியும் அதன் எண் 196.967 என்று பின்னமாக இருப்பது முழுக்க இரண்டாவது காரணத்தால்.

இப்போது ஆர்கான். அச்சுப் பிழை இல்லை. அட்டவணை எடை வரிசைப்படி போகிறது என்பதுதான் பிழை. 1869இல் மெண்டலீவ் வரிசைப்படுத்தியபோது கையில் இருந்தது எடை மட்டுமே என்பதால் அதை வைத்தே தொடங்கினார். ஆனால் எடையும் குணமும் முரண்பட்ட இடத்தில் அவர் குணத்தின் பக்கம் நின்றார். அயோடினைவிட டெல்லூரியம் கனமானது. எடையைப் பார்த்தால் அயோடின் முன்னால் வர வேண்டும். அப்படி வைத்தால் அயோடின் கந்தகத்தின் குடும்பத்தில் போய் விழும், அது பார்வைக்கே பொருந்தாது. ஆகவே இடத்தை மாற்றி வைத்து, டெல்லூரியத்தின் எடையைத் தவறாக அளந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். முடிவு சரி, காரணம் தவறு. டெல்லூரியத்தில் 128, 130 என்ற கனமான ஐசோடோப்புகள் மிகுதி. அயோடினுக்கோ 127 ஒன்றுதான். எத்தனை முறை அளந்தாலும் டெல்லூரியம் 127.60, அயோடின் 126.90தான்.

ஆர்கான் 1894இல்தான் கிடைத்தது. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட லிட்டருக்குச் சற்றே, ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு, கனமாக இருப்பதை ராலே பிரபு கவனித்தார். ராம்சேயோடு சேர்ந்து தேடியபோது அந்த வித்தியாசத்துக்குள் ஒரு புதிய வாயு ஒளிந்திருந்தது. அதன் எடை ஏறக்குறைய 40 என்றதும் மெண்டலீவுக்கே அது தனிமம்தானா என்று சந்தேகம் வந்தது. மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றார். அட்டவணையைக் கண்டவரே அட்டவணையின் ஒரு புதிய குடும்பத்தை வாசலில் நிறுத்தி விசாரித்த கதை இது.

குழப்பத்தைத் தீர்த்தவர் ஹென்றி மோஸ்லி. 1913, 1914 ஆண்டுகளில் அவர் ஒவ்வொரு தனிமத்தையும் எக்ஸ் கதிர் உமிழவைத்து அதன் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, தனிமம் அட்டவணையில் எத்தனையாவது என்ற எண்ணுக்கு எதிராகப் புள்ளி வைத்தால் நேர்கோடு விழுந்தது. எடைக்கு எதிராக வைத்தால் கோடு நெளிந்தது. அதுவரை வெறும் வரிசை எண்ணாக இருந்தது கருவின் மின்னூட்டம் என்று தெரியவந்தது. கோபால்ட்டுக்குப் பிறகே நிக்கல் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியானது. 43, 61 போன்ற இடங்கள் காலி என்பதும் தெரிந்தது. அந்த இரண்டுக்கும் நிலையான ஐசோடோப்பே கிடையாது என்பதால் பின்னால் செயற்கையாகத்தான் அவற்றைப் பெற முடிந்தது. மோஸ்லி முதல் உலகப் போரில் 1915 ஆகஸ்டில் கலிப்போலியில் கொல்லப்பட்டார். வயது 27.

ஆனால் மோஸ்லி தீர்த்தது ஆர்கான் எங்கே உட்கார வேண்டும் என்பதை. அது ஏன் இவ்வளவு கனம் என்ற கேள்விக்கு விடை பூமியின் வயிற்றில் இருந்தது. நட்சத்திரங்கள் ஆர்கானைச் சமைக்கும்போது மிகுதியாக உருவாவது ஆர்கான்-36; அடுத்தபடியாக ஆர்கான்-38. சூரியனில் உள்ள ஆர்கானை எடுத்து எடை பார்த்தால் 36ஐ ஒட்டித்தான் வரும். அந்த எண்ணை அட்டவணையில் எழுதினால் குளோரின் 35.45, ஆர்கான் 36 சொச்சம், பொட்டாசியம் 39.10 என்று வரிசை ஒழுங்காக ஏறும். உங்கள் மூன்றாவது கேள்வியே பிறந்திருக்காது. பூமி உருவானபோது அந்தப் பழைய ஆர்கான் இங்கே ஏறக்குறைய தங்கவில்லை. எதோடும் சேராத வாயுவை எந்தப் பாறை பிடித்து வைக்கும்? ஆனால் பொட்டாசியம் பாறைகளில் நிறைய இருந்தது. அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு பொட்டாசியம்-40. அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். சிதைபவற்றில் ஒன்பதில் எட்டு பங்கு கால்சியம்-40 ஆகிறது, மீதி ஒரு பங்கு ஆர்கான்-40 ஆகிறது. பாறைக்குள் பிறந்த இந்த ஆர்கான் எரிமலைகள் வழியாகவும் பாறை சிதைவதன் வழியாகவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கசிந்து காற்றில் சேர்ந்தது. இன்று நாம் சுவாசிக்கும் காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான், அதில் 99.6 சதவீதம் ஆர்கான்-40.

அதாவது, அட்டவணையில் ஆர்கான் பொட்டாசியத்தைவிடக் கனமாகத் தெரிவதற்குக் காரணமே பொட்டாசியம்தான். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த எடையைச் சுமந்துகொண்டு அவரைவிடப் பருமனாக நிற்கிறது ஆர்கான். பொட்டாசியம் ஆர்கானாகும் இந்தச் சிதைவையே கடிகாரமாக வைத்துத்தான் எரிமலைப் பாறைகளின் வயதைக் கணிக்கிறார்கள். இந்தச் சிதைவு எங்கோ தூரத்தில் நடப்பதும் அல்ல. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் நொடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. அவற்றில் சில நூறு ஆர்கானாகின்றன. இதைப் படிக்கும்போதும் நீங்கள் கொஞ்சம் ஆர்கான் தயாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதுவரை எழுதியவற்றில் பெரும்பாலானவை அசைக்க முடியாதவை: புரோட்டான் எண்ணிக்கையே அடையாளம், குளோரினின் இரண்டு ஐசோடோப்புகள், ஆர்கானின் பிறப்பு. அப்படிச் சொல்ல முடியாதவையும் உண்டு. "நிலையான ஐசோடோப்பு" என்று எழுதும்போதெல்லாம் அதற்குப் பொருள் "சிதைந்து யாரும் பார்த்ததில்லை" என்பதே. பிஸ்மத்-209ஐ நிலையானது என்றுதான் நான் படித்தேன். 2003இல் அது சிதைவதைக் கண்டார்கள். அரை ஆயுட்காலம் பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல். அட்டவணையின் மூன்றாவது தொகுதியில் லாந்தனம் உட்கார வேண்டுமா, லூட்டீசியம் உட்கார வேண்டுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் லூட்டீசியம் என்பேன். எதிர்க் கட்சியிலும் விவரமானவர்கள் இருக்கிறார்கள். 118ஆவது தனிமமான ஓகனெசான் மந்த வாயுக்களின் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது; ஆனால் அது வாயுவாக இருக்குமா, மந்தமாக இருக்குமா என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கிடைத்ததே விரல் விட்டு எண்ணும் அளவு அணுக்கள், அவையும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் போய்விட்டன. கணக்கீடுகள் அது மற்ற மந்த வாயுக்களைப் போல நடக்காது என்கின்றன. கருவுக்குள் புரோட்டான்களைச் சேர்த்துப் பிடிக்கும் விசையைப் பற்றி அணுக்கரு இயற்பியல் படித்தவர்கள்தான் பேச வேண்டும். நான் எடை போடுகிறவன், அந்த வாசலோடு நின்றுவிடுகிறேன்.

கடைசியாக, எந்த எண்ணை எப்போது பயன்படுத்துவது என்று ஒரு வார்த்தை. தேர்வில் 35.5 என்று கொடுத்திருந்தால் அதையே எழுதுங்கள். தராசில் நிறுத்து கரைசல் தயாரிக்கும்போது 35.45; ஒரு சிட்டிகை உப்பில் கோடி கோடி அணுக்கள் இருப்பதால் அங்கே சராசரி கச்சிதமாக வேலை செய்யும். நிறை நிறமாலைமானியில் கோடு தேடும்போது 34.969, 36.966, அங்கே மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன, சராசரி என்று எதுவும் வராது. ஒரு குளோரின் இருந்தால் இரண்டு அலகு இடைவெளியில் மூன்றுக்கு ஒன்று என்று இரண்டு கோடுகள். இரண்டு குளோரின் இருந்தால் ஒன்பது, ஆறு, ஒன்று என்று மூன்று கோடுகள். இந்த வடிவத்தைப் பார்த்தே மூலக்கூறில் எத்தனை குளோரின் என்று சொல்லிவிடலாம். துல்லியமான அட்டவணைகளில் இப்போது குளோரினுக்கு ஒற்றை எண்ணுக்குப் பதிலாக 35.446 முதல் 35.457 வரை என்று ஒரு வரம்பையே போட்டிருப்பார்கள், எங்கிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்துக் கலவை அந்த அளவுக்கு மாறுவதால். சாதாரண வேலைகளுக்கு அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. லித்தியத்தின் கதை வேறு. அணு ஆயுதத் தேவைக்காக லித்தியம்-6ஐப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சியது சந்தைக்கு வந்திருப்பதால், விற்கும் லித்தியச் சேர்மங்களின் எடை புத்தகத்து எண்ணிலிருந்து கண்ணில் படும் அளவுக்கு விலகியிருக்கலாம். லித்தியத்தை நிறுக்கும்போது மட்டும் புட்டியில் ஒட்டியிருக்கும் தாளை முதலில் படித்துவிடுங்கள்.